உறுப்பினர் நம்மிடமே விற்க என்ன செய்யலாம்: உழவர் உற்பத்தியாளர் நிறுவனங்களுக்கும் சங்கங்களுக்கும் ஒரு முழுமையான வழிகாட்டி

ஆயிரம் உறுப்பினர், தலைக்கு ஆயிரம் ரூபாய் வீதம் பத்து லட்சம் பங்கு மூலதனம், அலுவலகம், பெயர்ப்பலகை எல்லாம் இருக்கிறது. அறுவடை நாளில் சரக்கு மட்டும் வரவில்லை. நம் உறுப்பினரின் களத்திலேயே வியாபாரியின் மினிலாரி நிற்கிறது. தமிழ்நாட்டில் உழவர் உற்பத்தியாளர் நிறுவனம், அதாவது விவசாயிகளே பங்கு போட்டு உரிமையாளராக இருக்கும் நிறுவனம், நடத்துகிறவர்கள் பலருக்கும் மானியத்தைவிட, ஜிஎஸ்டி தாக்கலைவிட இதுதான் பெரிய தலைவலி. பால் சங்கச் செயலரைக் கேட்டால் அவரும் இதையே சொல்வார். காலையில் சங்கத்துக்கு ஊற்றுகிறவர் மாலையில் தனியார் ஏஜெண்டுக்கு ஊற்றுகிறார்.

"மெம்பருக்கு விசுவாசமே இல்லைங்க" என்று அலுத்துக்கொள்வது வழக்கம். சட்டப்படி அந்த மெம்பர்தான் நிறுவனத்தின் முதலாளி. முதலாளியிடம் விசுவாசம் எதிர்பார்ப்பது வேடிக்கை. அவர் ஏன் வெளியே விற்கிறார், நம்மிடம் விற்க என்ன மாற்ற வேண்டும் என்று பார்ப்பதுதான் நம் வேலை. இயக்குநர்கள், சி.இ.ஓ., சங்கச் செயலர்கள் ஆகியோரை மனதில் வைத்து அதற்கான வழிமுறையைப் படிப்படியாக எழுதுகிறேன். உதாரணங்கள் பெரும்பாலும் மக்காச்சோளம், பால். பெரம்பலூர், அரியலூர்ப் பக்கம் விளையும் மக்காச்சோளம் நாமக்கல், பல்லடம் கோழித் தீவனத்துக்குப் போகிறது. வியாபாரியும் நிறுவனமும் நேருக்கு நேர் மோதும் சரக்கு அது. மஞ்சளுக்கும் சின்ன வெங்காயத்துக்கும் கொப்பரைக்கும் நீங்களே பொருத்திக்கொள்ளலாம்.

1. திருப்தியையும் ஈடுபாட்டையும் தனித்தனியாக வையுங்கள்

இவை இரண்டும் ஒன்றென்று நினைத்துத்தான் பல நிறுவனங்கள் தடுமாறுகின்றன. திருப்தி என்பது கடந்த முறை நடந்ததைப் பற்றி அவர் என்ன நினைக்கிறார் என்பது. ஈடுபாடு என்பது அடுத்த முறை என்ன செய்வார் என்பது. முழுத் திருப்தியோடு இருப்பவர், குவிண்டாலுக்கு இருபது ரூபாய் கூடக் கிடைத்தால் வியாபாரிக்குக் கொடுத்துவிடலாம். நம்மைத் திட்டிக்கொண்டே இருப்பவர் மூன்று போகமாக ஒரு மூட்டைகூட வெளியே விடாமல் இருக்கலாம். கூட்டத்தில் அதிகம் சத்தம் போடுகிறவர் பல நேரம் இந்த இரண்டாவது வகைதான். அவரை இழந்துவிடாதீர்கள்.

நம்மோடு தங்கியிருப்பதற்கும் மூன்று விதமான காரணங்கள் உண்டு. சிலர் கணக்குப் பார்த்துத் தங்குவார்கள்: விதை கடனாகக் கிடைக்கிறது, டிராக்டர் வாடகை குறைவு. சிலர் வேறு வழியில்லாமல் தங்குவார்கள். ஊரில் வேறு ஏஜெண்ட் இல்லாதவரை சங்கத்துக்குப் பால் வரும், ஏஜெண்ட் வந்ததும் போய்விடும். கொஞ்சம் பேர்தான் "இது நம்முடையது" என்று தங்குவார்கள். இந்த மூன்றாவது கூட்டத்தைக் கூட்டுவதே நோக்கம். அதற்கு உரை நிகழ்த்திப் பயனில்லை. முதல் வகைக் காரணங்களைப் பல போகம் விடாமல் காப்பாற்றினால் அது தானாக உருவாகும்.

2. கேள்வித்தாளுக்கு முன் பேரேட்டைத் திறங்கள்

ஈடுபாட்டை அளக்க ஆய்வு நிறுவனத்தைக் கூப்பிட வேண்டாம். உங்கள் கொள்முதல் பதிவேடும் ஒரு நீளமான தாளும் போதும்.

ஒவ்வொரு உறுப்பினர் பெயருக்கும் எதிரே மூன்று கட்டம் போடுங்கள். முதல் கட்டத்தில், இந்தப் போகத்தில் அவரிடம் விற்க எவ்வளவு சரக்கு இருந்திருக்கும் என்ற மதிப்பீடு. பரப்பளவு அடங்கலில் (கிராமப் பயிர்ப் பதிவேட்டில்) இருக்கிறது. ஏக்கருக்கு என்ன விளைந்தது என்பது, உறுப்பினர்கள் இருபது பேர் கொண்ட உழவர் ஆர்வலர் குழுவின் தலைவருக்குத் தெரியும். இரண்டாவது கட்டத்தில் நம்மிடம் எவ்வளவு தந்தார். மூன்றாவதில் விகிதம். நான்கு ஏக்கர், ஏக்கருக்கு இருபது குவிண்டால், ஆக எண்பது குவிண்டால். நமக்கு வந்தது இருபது. அப்படியானால் கால் பங்கு. பால் சங்கம் என்றால் கறவையில் உள்ள மாடுகளையும் மாதத்தில் பால் ஊற்றிய வேளைகளையும் பாருங்கள். சராசரி லிட்டரை மட்டும் பார்த்தால் மாலைப் பால் வேறு இடம் போவது தெரியாது.

இடுபொருள் வாங்கியதை இதே தாளில் வேறு நிறத்தில் குறியுங்கள். விதையும் உரமும் நம்மிடம் வாங்கிவிட்டு விளைச்சலை வெளியே விற்பவர்கள் தனிக் கூட்டம். அவர்களுக்கு நம் மேல் கோபம் கிடையாது. விற்பனையில்தான் எங்கோ முள் இருக்கிறது.

இப்போது தாளைப் பாருங்கள். முழுதாகத் தருபவர், பாதி தருபவர், பெயருக்குத் தருபவர், ஒன்றுமே தராதவர் என நான்கு வகை தெரியும். கடைசி வகையின் நீளம் உங்களை அதிரவைத்தால், அது உங்கள் ஊரில் மட்டும் நடப்பதில்லை. பத்தாயிரம் உழவர் உற்பத்தியாளர் அமைப்புகளை உருவாக்கும் மத்திய அரசுத் திட்டம் 2020 பிப்ரவரியில் வந்தது. சமவெளிப் பகுதியில் குறைந்தது 300 உறுப்பினர் வேண்டும் என்றது. உறுப்பினருக்கு 2,000 ரூபாய் வரை, ஒரு நிறுவனத்துக்கு 15 லட்சம் வரை பங்குத்தொகைக்கு ஈடாக மானியமும் வைத்தது. நல்ல நோக்கம்தான். ஆனால் எண்ணிக்கையைக் காட்டினால் பணம் வரும் என்றவுடன் எண்ணிக்கை முதலில் வந்துவிட்டது. "கையெழுத்துப் போடுங்கண்ணே, மானியம் வரும்" என்று சேர்க்கப்பட்டவருக்கு நிறுவனம் என்ன செய்கிறது என்றே தெரியாது. அவர் இன்னும் உள்ளே வரவில்லை, அதனால் விலகிப் போனவர் பட்டியலில் அவரைச் சேர்க்காதீர்கள்.

3. பிறகு போய்க் கேளுங்கள், ஆனால் "திருப்தியா?" என்று கேட்காதீர்கள்

வீடு தேடி வந்தவரிடம் மூஞ்சிக்கு நேரே குறை சொல்ல நம் ஊரில் யாருக்கும் மனம் வராது. காபி கொடுத்து, எல்லாம் நல்லாத்தான் போகுது என்று அனுப்பிவிடுவார்கள். ஒன்று முதல் ஐந்து வரை மதிப்பெண் கேட்டால் எல்லோரும் நான்கு போடுவார்கள். அந்தத் தாளை வைத்துக்கொண்டு எதையும் திருத்த முடியாது.

நடந்ததைப் பற்றிக் கேளுங்கள். இப்படி:

"போன போகம் முதல் மூட்டையை யாருக்குங்க போட்டீங்க? ஏன் அவருக்கு?"

"நம்ம கம்பெனியில போட்டப்போ பணம் என்னைக்குக் கைக்கு வந்துச்சு?"

"எடை போடும்போது நீங்க பக்கத்துல இருந்தீங்களா?"

"அவசரத்துக்கு அஞ்சாயிரம் வேணும்னா யார்கிட்ட போவீங்க?"

"போன பொதுக்குழுவுல என்ன முடிவு பண்ணாங்கன்னு தெரியுமா?"

நான்காவது கேள்வியில்தான் பெரும்பாலான ரகசியம் இருக்கிறது. மகள் சடங்குக்கும் அம்மாவின் ஆஸ்பத்திரிச் செலவுக்கும் இரவு பத்து மணிக்குப் பணம் கொடுத்தவர் வியாபாரி. அறுவடையில் அவருக்கு மூட்டை போவதில் ஆச்சரியம் இல்லை. விலைப் பலகையை எவ்வளவு பெரிதாக எழுதினாலும் இந்தக் கட்டு அவிழாது.

யார் கேட்பது என்பதும் முக்கியம். சி.இ.ஓ.வோ கொள்முதல் எழுதும் பையனோ போகக்கூடாது. பக்கத்து நிறுவனத்தின் ஆட்களை இங்கே அழைத்து, உங்கள் ஆட்களை அங்கே அனுப்பலாம். வேளாண் கல்லூரி மாணவர்கள் கிராமத் தங்கல் பயிற்சிக்கு வருவார்கள், அவர்களும் நல்ல தேர்வு. நாற்பது ஐம்பது பேர் போதும். நான்கு வகையிலிருந்தும் எடுங்கள், ஒன்றுமே தராதவரிடம் அதிக நேரம் உட்காருங்கள்.

அப்புறம், வீட்டில் பெண்களிடம் தனியாகப் பேசுங்கள். பட்டா கணவர் பெயரில் இருப்பதால் பங்குப் பத்திரமும் அவர் பெயரிலேயே இருக்கும். மாடு பார்ப்பதும் பால் கறப்பதும் சங்கத்துக்குத் தூக்கிப்போவதும் அந்த அம்மாதான். "அந்த ஆள் கேனைச் சாய்ச்சு ஊத்துறப்பவே அரை லிட்டர் போயிடுது" என்ற செய்தி கணவரிடம் கேட்டால் வராது.

4. எடை, ஈரப்பதம், பணம்: இந்த மூன்றையும் சரி செய்யாமல் வேறு எதையும் தொடாதீர்கள்

வழிகாட்டியில் நீளமான பகுதி இது. காரணம், உறுப்பினர் நிறுவனத்தைச் சந்திக்கும் இடம் எடைமேடைதான். ஆண்டறிக்கையை அவர் படிப்பதில்லை.

எடை. எடைமேடையின் எண் தெரியும் பக்கம் விவசாயியைப் பார்த்து இருக்க வேண்டும். பல கொள்முதல் நிலையங்களில் அது எழுதுகிறவரைப் பார்த்துத்தான் இருக்கும். மூட்டை ஏறும் முன் பூஜ்யம் காட்டுகிறதா என்று அவரையே பார்க்கச் சொல்லுங்கள். தொழிலாளர் துறையின் முத்திரை எந்தத் தேதி வரை செல்லும் என்பதை மேடையிலேயே ஒட்டிவையுங்கள். சாக்குக்கு எவ்வளவு கழிக்கிறீர்கள் என்பதில் சண்டை வரும். வந்த சாக்குகளில் ஐந்தை எடுத்து அவர் முன்னால் எடை போட்டு, சராசரியைக் கழியுங்கள். பக்கத்தில் ஐம்பது கிலோ படிக்கல் இருக்கட்டும். சந்தேகப்படுகிறவர் தானே தூக்கிவைத்துப் பார்த்துக்கொள்ளலாம். ஒருவர் சோதித்தால் அந்தத் தெருவே நம்பும்.

ஈரப்பதம். மக்காச்சோளத்துக்கு 14 சதவீதம் என்பது அரசு கொள்முதலிலும் வியாபாரத்திலும் பொதுவான அளவு. வியாபாரி பல்லில் கடித்துப் பார்த்து "பதினேழு இருக்குங்க" என்பார். நம்மிடம் மீட்டர் இருக்கும், ஆனால் ஒரே மூட்டையின் மேல்வாயில் ஒரு கை எடுத்துப் போட்டுப் பார்த்தால் அதுவும் கடிப்பதற்குச் சமம்தான். நான்கைந்து மூட்டைகளில் குத்தூசி போட்டு மாதிரி எடுத்து, கலந்து, மூன்று முறை மீட்டரில் போட்டு, மூன்று எண்ணையும் சீட்டில் எழுதுங்கள். 14-க்கு மேல் ஒவ்வொரு புள்ளிக்கும் எவ்வளவு கழிவு என்ற அட்டவணை சுவரில் இருக்கட்டும். ஈரம் அதிகம் என்றால் திருப்பி அனுப்பாமல், காயவைத்துக் கொண்டுவர களம் கொடுங்கள். திருப்பி அனுப்பிய மூட்டை நேராக வியாபாரியிடம்தான் போகும், அடுத்த முறையும் அங்கேதான் போகும்.

பாலிலும் இதே கதை. ஆவின் சங்கங்கள் பலவற்றில் பால் ஊற்றிய இடத்திலேயே அளவு, கொழுப்பு, கொழுப்பில்லாத இதர சத்து அச்சடித்த சீட்டு தரத் தொடங்கியிருக்கிறார்கள். அந்தச் சின்னத் தாள் சங்கத்தைப் பற்றிய ஊர்ப்பேச்சை எவ்வளவு மாற்றுகிறது என்பதை, சீட்டு இல்லாத சங்கத்துக்குப் போய்ப் பத்து நிமிடம் நின்றால் புரிந்துகொள்ளலாம்.

பணம். வியாபாரி களத்திலேயே எண்ணிக் கொடுக்கிறார். நாமோ தீவன ஆலையிடமிருந்து வந்தால்தான் கொடுப்போம். ஆலை பதினைந்து நாள், ஒரு மாதம் என்று இழுக்கும். உரக்கடைக்காரர் இழுக்க விடமாட்டார். தாமதம்கூடப் பெரிய குற்றம் இல்லை, தேதி சொல்லாமல் இருப்பதுதான் குற்றம். மூன்று வழிகள்:

சரக்கு இறங்கிய அன்றே 70, 80 சதவீதத்தை வங்கிக் கணக்கில் போட்டுவிட்டு, மீதியை இன்ன தேதியில் என்று சீட்டிலேயே எழுதிக் கொடுங்கள். அந்தத் தேதி தவறவே கூடாது.

இதற்கு நடைமுறை மூலதனம் வேண்டும். அறுவடைக்கு மூன்று மாதம் முன்பே வங்கியிலோ, நபார்டின் துணை நிறுவனமான நாப்கிசானிலோ பேசத் தொடங்குங்கள். தகுதியுள்ள நிறுவனங்களுக்கு 2 கோடி வரை கடன் உத்தரவாதம் 2020-இல் வந்த மத்தியத் திட்டத்திலேயே வைக்கப்பட்டது. பலர் அறுவடை தொடங்கிய பிறகு வங்கிக்கு ஓடுகிறார்கள்.

பணமே ஏற்பாடாகவில்லையா? கொள்முதலைக் குறையுங்கள். இருநூறு பேரிடம் வாங்கி இரண்டு மாதம் அலைக்கழிப்பதைவிட, அறுபது பேரிடம் வாங்கிச் சொன்ன நாளில் கொடுப்பது மேல். அறுபது பேர் அடுத்த போகத்தில் இருநூறு பேரைக் கூட்டி வருவார்கள். தலைகீழாகச் செய்தால் இருநூறு பேரும் இரண்டாயிரம் பேரிடம் சொல்வார்கள்.

5. விலையில் வாக்குக் கொடுக்காதீர்கள், கணக்கைக் காட்டுங்கள்

"வியாபாரியைவிட அதிக விலை" என்று சொல்லிக் கட்டிய நிறுவனம் முதல் அறுவடையிலேயே மாட்டிக்கொள்ளும். நீங்கள் கொள்முதல் தொடங்கும் வாரத்தில் வியாபாரி வேண்டுமென்றே விலையை ஏற்றுவார். உங்கள் லாரி காலியாகத் திரும்பியதும் விலை பழைய இடத்துக்கு வந்துவிடும். உறுப்பினருக்கு இது தெரியாமல் இல்லை. ஆனால் கண்ணுக்கு முன்னால் பணம் இருக்கும்போது அடுத்த வாரத்தை யார் நினைப்பார்கள்?

செய்யக்கூடியது, கைக்கு வரும் தொகையை ஒப்பிட்டுக் காட்டுவது. இப்படி ஒரு கணக்கு என்று வைத்துக்கொள்வோம். வியாபாரி விலை குவிண்டாலுக்கு 2,250. அதில் இரண்டு கிலோ கழிவு 45 ரூபாய், இறக்குக்கூலி 15. கைக்கு வருவது 2,190. நிறுவனத்தின் விலை 2,210, கழிவு இல்லை, கூலி நிறுவனத்துடையது. ஊரில் பரவுவது 2,250-க்கும் 2,210-க்கும் உள்ள வித்தியாசம்தான். ஆகவே கொள்முதல் நாட்களில் தினமும் காலையில் வாட்ஸ்அப் குழுவில் இரண்டு வரி போடுங்கள்: இன்றைய ஆலை விலை, நம் செலவு போக உங்கள் கைக்கு வருவது. நம் விலை குறைவாக இருக்கும் நாளிலும் போட வேண்டும். நல்ல நாளில் மட்டும் போட்டால் அது விளம்பரம் என்று கண்டுபிடித்துவிடுவார்கள்.

போட்டி வரும்போது உறுப்பினர் எப்படி நகர்கிறார் என்பதற்கு நம் கண்முன்னே நடந்த பாடம் பால். ஆவினின் பசும்பால் கொள்முதல் விலை 2022 நவம்பரில் லிட்டருக்கு 32-லிருந்து 35 ரூபாய் ஆனது. அடுத்த ஆண்டே கிருஷ்ணகிரி, தருமபுரி, வேலூர்ப் பக்கம் சுயஉதவிக் குழுக்கள் வழியாக அமுல் கொள்முதலுக்கு வந்தபோது, முதலமைச்சர் 2023 மே மாதம் மத்திய அரசுக்குக் கடிதமே எழுதினார். அந்த டிசம்பரில் லிட்டருக்கு 3 ரூபாய் ஊக்கத்தொகை அறிவிக்கப்பட்டது. ஊக்கத்தொகை நல்ல செய்திதான். ஆனால் அதற்கு முன்பும் தனியார் ஏஜெண்டுகள் இருந்தார்கள், பால் போய்க்கொண்டுதான் இருந்தது. உறுப்பினர் வேறு கதவைப் பார்த்த பிறகுதான் சங்கம் அவர் பக்கம் திரும்பும் என்றால், கதவைப் பார்ப்பதே லாபம் என்று அவரும் கற்றுக்கொள்வார்.

6. தந்தவருக்குத் தந்த அளவுக்கு: விதிகளில் எழுதிவையுங்கள்

நன்றாக நடந்துகொண்டால் மட்டும் போதாது. முழுதாகத் தருபவருக்கும் ஒன்றுமே தராதவருக்கும் ஆண்டுக் கடைசியில் ஒரே பலன் என்றால், முழுதாகத் தருபவர் ஏமாளி ஆகிவிடுவார். இதற்கான கருவிகள் நிறுவனங்கள் சட்டம் 2013-இன் 21-ஏ அத்தியாயத்திலேயே இருக்கின்றன. சங்க விதிகளை (நிறுவனத்தின் உள்விதிகளை) வேறு யாரோ எழுதிக்கொடுத்த மாதிரி அப்படியே கையெழுத்துப் போட்டதால் பல இயக்குநர்களுக்கு இவை தெரிவதில்லை.

செயல்படும் உறுப்பினர் என்பதை உங்கள் சங்க விதியில் வரையறுக்கலாம். விளைச்சலில் இத்தனை பங்கு, இத்தனை காலம் நிறுவனத்துக்குத் தருபவர் என்று. விதியில் இடம் இருந்தால், பொதுக்குழுவில் வாக்குரிமையைச் செயல்படும் உறுப்பினருக்கு மட்டும் என்றுகூட வைக்கலாம். முதல் இரண்டு ஆண்டுகளில் இதைச் செய்யாதீர்கள். எடையும் பணமும் சரியாகாத நிறுவனம் உறுப்பினரின் வாக்கைப் பறித்தால் கலவரம்தான் மிஞ்சும்.

நிறுத்தி வைத்த விலை என்று சட்டத்தில் ஒன்று இருக்கிறது. சரக்குக்கு முதலில் ஒரு தொகை கொடுத்துவிட்டு, மீதியைப் பின்னால் பணமாகவோ பொருளாகவோ பங்காகவோ கொடுப்பது. கையில் காசில்லாத விவசாயியிடம் இதைக் கவனமாகத்தான் பேச வேண்டும். சின்னத் தொகையில் தொடங்கி, பொங்கலுக்கு முன் கொடுத்துவிடுங்கள்.

எனக்குப் பிடித்தது பயன்பாட்டு ஊக்கத்தொகை. சேமநிதி முதலியவற்றுக்குப் போக எஞ்சியதை, பங்கு எண்ணிக்கையைப் பார்க்காமல், அவரவர் தந்த சரக்கின் அளவில் பகிர்வது. கணக்கு போட்டுப் பாருங்கள். பகிர 3 லட்சம் இருக்கிறது, மொத்தக் கொள்முதல் 6,000 குவிண்டால் என்றால் குவிண்டாலுக்கு 50 ரூபாய். எண்பது குவிண்டால் தந்தவருக்கு 4,000. ஐந்து தந்தவருக்கு 250. இருவரும் போட்ட பங்கு ஆயிரம்தான். இதை வங்கியில் சத்தமில்லாமல் போட்டுவிடாதீர்கள். பொதுக்குழுவில் பெயரையும் அளவையும் வாசித்து, காசோலையாகக் கையில் கொடுங்கள். பால் சங்கங்கள் தீபாவளி போனஸை இப்படித்தான் ஊருக்குத் தெரியக் கொடுத்துவந்தன. பக்கத்து வீட்டுக்காரர் நாலாயிரம் வாங்குவதைப் பார்த்தவர் அடுத்த போகம் யோசிப்பார்.

கட்டாய ஒப்பந்தம் போடலாமா என்று கேட்பவர்கள் உண்டு. உலகில் பல இடங்களில் அது வேலை செய்திருக்கிறது. டென்மார்க்கின் முதல் கூட்டுறவுப் பால்பண்ணை 1882-இல் ஹியெடிங் என்ற ஊரில் தொடங்கியபோது, வீட்டுத் தேவை போக எல்லாப் பாலையும் பண்ணைக்கே தர வேண்டும் என்று உறுப்பினர்கள் கையெழுத்திட்டார்கள். லாபம் தந்த பாலின் அளவில் பகிரப்பட்டது. அமெரிக்காவில் 1973-இல் சர்க்கரை எடுக்கும் பீட்ரூட் கிழங்கு விவசாயிகள் ஒரு சர்க்கரை நிறுவனத்தையே வாங்கியபோது, பங்கு வைத்திருப்பதே குறிப்பிட்ட பரப்பின் கிழங்கைத் தரும் உரிமையாகவும் கடமையாகவும் ஆனது. இரண்டிலும் கவனிக்க வேண்டியது, உறுப்பினர்களின் சொந்தப் பணம் ஆழமாகப் புதைந்திருந்தது. ஆயிரம் ரூபாய் பங்கு, அதிலும் பாதியை யாரோ கட்டிவிட்டார்கள் என்ற நிலையில் கட்டாய ஒப்பந்தம் வெறும் காகிதம். வேண்டுமானால், விதையைக் கடனாக வாங்குகிறவரிடம் விளைச்சலில் பாதியைத் தருவதாக ஓர் எளிய உடன்படிக்கை போடலாம். அதற்கு மேல் போக இன்னும் நாள் இருக்கிறது.

7. பேச இடம் கொடுங்கள்

அதிருப்தி அடைந்தவருக்கு இரண்டு வழி: வெளியேறலாம், அல்லது உள்ளே சண்டை போடலாம். சண்டை போட இடமில்லாத நிறுவனத்திலிருந்து எல்லோரும் சத்தமில்லாமல் வெளியேறுவார்கள்.

பொதுக்குழுவுக்குக் குறைவெண் வரம்பு மொத்த உறுப்பினர்களில் நாலில் ஒரு பங்கு. ஆயிரம் பேர் நிறுவனத்தில் 250 பேர் வர வேண்டும். வருவதில்லை. கூட்டம் முடிந்த பிறகு வீடு வீடாகப் பதிவேடு போய் கையெழுத்து வாங்கிவருகிறது. இது எல்லோருக்கும் தெரிந்த ரகசியம், உறுப்பினருக்கும் தெரியும். அந்தக் கையெழுத்து வாங்கும் நாளில்தான் "இது நம்முடையது இல்லை" என்று அவருக்கு உறுதியாகிறது.

கூட்டத்தை அறுவடைக்கும் விதைப்புக்கும் இடையில், ஊக்கத்தொகை வழங்கும் நாளோடு சேர்த்து வையுங்கள். வரவுசெலவை ஒரே பக்கத்தில் தமிழில், குவிண்டாலுக்கு என்று கணக்கிட்டுக் கொடுங்கள். ஆலை கொடுத்தது இவ்வளவு, லாரிக்கு, கூலிக்கு, அலுவலகத்துக்கு, வட்டிக்கு இவ்வளவு, உங்களுக்கு வந்தது இவ்வளவு. தணிக்கையாளரின் இருபது பக்கத்தைவிட அந்த ஒரு பக்கம் அதிகம் பேசும். சிறப்பு விருந்தினருக்குப் பொன்னாடை போர்த்தும் நேரத்தைக் குறைத்து, கேள்விக்கு ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள். முதல் கேள்வியை ஓர் அம்மா கேட்கட்டும்.

ஆண்டுக்கு ஒரு கூட்டம் போதாது. உண்மையான பேச்சு இருபது பேர் கொண்ட உழவர் ஆர்வலர் குழுவில்தான் நடக்கும். தமிழ்நாட்டின் கூட்டுப் பண்ணையத் திட்டத்தில் 2017-18 முதல் இருபது பேர் ஒரு குழு, ஐந்து குழு சேர்ந்து நூறு பேர் கொண்ட உற்பத்தியாளர் குழு என்று அமைத்து, இயந்திரம் வாங்க 5 லட்சம் தொகுப்பு நிதியும் கொடுத்தார்கள். வாங்கிய பவர் டில்லர் யார் வீட்டில் நிற்கிறது என்பதைப் பார்த்தால் அந்தக் குழு உயிரோடு இருக்கிறதா என்று சொல்லிவிடலாம். மாதம் ஒரு முறை இயக்குநர் ஒருவர் குழுவில் போய் உட்கார வேண்டும். ஒரு நோட்டில் மூன்று கட்டம்: புகார், யார் பார்க்கிறார், என்ன ஆயிற்று. மூன்றாவது கட்டம் காலியாக இருந்தால் அடுத்த கூட்டத்துக்குப் போகவே முடியாது. அந்தக் கூச்சம் நல்லது.

இங்கே ஒரு கசப்பான விஷயத்தையும் சொல்ல வேண்டும். உறுப்பினர் நிறுவனத்தை மதிப்பிடுவது இயக்குநர்களைப் பார்த்துத்தான். இயக்குநரே தன் சரக்கை வெளியே விற்றால் கதை முடிந்தது. இரண்டாவது படியில் போட்ட தாளில் இயக்குநர்களின் விகிதத்தைத் தனியாகப் பாருங்கள். நிறுவனத்தோடு மோதும் வியாபாரம் செய்பவர் உறுப்பினராகவே இருக்கக்கூடாது என்று சட்டம் சொல்கிறது. ஆனாலும் உரக்கடை வைத்திருப்பவரும் கமிஷன் மண்டிக்காரரின் மைத்துனரும் குழுவில் உட்கார்ந்திருப்பதைப் பார்க்கிறோம். எல்லா இயக்குநரும் ஒரே தெரு, ஒரே சாதி என்றால் மற்றத் தெருக்களின் மூட்டை வராது. இதைக் கணக்கெடுப்பில் யாரும் எழுதமாட்டார்கள், ஊர்வாரியாகக் கொள்முதல் வரைபடம் போட்டால் தெரிந்துவிடும். கூட்டுறவுச் சங்கங்களில் தேர்தலுக்குக் கட்சி நிறம் ஏறியதால் என்ன ஆயிற்று என்பதை ஊர்ப்புறத்தில் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை.

8. வருகிறவரும் போகிறவரும்

புதிதாகச் சேர்கிறவருக்கு ரசீது மட்டும் கொடுத்து அனுப்பாமல், ஒரு கொள்முதல் நாளில் எடைமேடைப் பக்கம் உட்கார வையுங்கள். விலக விரும்புகிறவரின் பங்குத்தொகையை விதிப்படி தாமதிக்காமல் கொடுத்துவிட்டு, மூன்றாவது படியில் உள்ள கேள்விகளை அவரிடமும் கேளுங்கள். போகிறவர் மனம் திறந்து பேசுவார். சண்டை போட்டு அனுப்பினால் அவர் ஊரில் இருந்துகொண்டே நமக்கு எதிராக வேலை செய்வார்.

9. அடுத்த போகத்தில் மறுபடியும் அளவெடுங்கள்

முப்பது கேள்விகள் கொண்ட படிவம் வேண்டாம். ஐந்து எண்கள் போதும், அலுவலகச் சுவரில் எழுதிவையுங்கள்:

விற்பனைக்கு இருந்த சரக்கில் நமக்கு வந்த பங்கு. ஒரு மூட்டையாவது தந்த உறுப்பினர் எத்தனை பேர். சரக்கு இறங்கியதிலிருந்து முழுப்பணம் போய்ச்சேர்ந்த நாட்கள், சராசரி மட்டுமல்லாமல் மிக அதிகமாகத் தாமதமானது எது என்பதும். நோட்டில் தீராத புகார்கள். பொதுக்குழுவுக்கு நிஜமாகவே வந்த தலைகள்.

இதில் முதல் எண்ணை வியாபாரி விலை ஏற்றிய வாரத்துக்கு மட்டும் தனியாகப் போட்டுப் பாருங்கள். சாதாரண வாரத்தில் எல்லோரும் தருவார்கள். அந்த ஒரு வாரத்தில் யார் தந்தார்கள் என்பதுதான் உங்கள் உண்மையான உறுப்பினர் பட்டியல். அவர்களின் பெயரைத் தெரிந்து வைத்துக்கொண்டு, அடுத்த இயக்குநர் தேர்தலில் நிற்கச் சொல்லுங்கள்.

எல்லாம் செய்தும் இரண்டு மூன்று போகமாக முதல் எண் நகரவில்லை என்றால், உறுப்பினரைக் குறை சொல்லும் முன் வியாபாரத்தையே திரும்பப் பாருங்கள். சில பயிர்களில், சில ஊர்களில் வியாபாரி நம்மைவிட நன்றாகவே அந்த வேலையைச் செய்கிறார்: உடனடிப் பணம், வீட்டு வாசலிலேயே சரக்கை ஏற்றிக்கொள்வது, அவசரக் கடன். அங்கே போய் முட்டிக்கொண்டு நிற்பதால் மூலதனம்தான் கரையும். கொள்முதலை விட்டுவிட்டு, அறுவடை இயந்திர வாடகைக்கும் விதை உரத்துக்கும் நிறுவனத்தைத் திருப்பலாம். மக்காச்சோளத்துக்கு வராத உறுப்பினர், கதிரடிக்கும் மிஷின் நேரத்துக்கு வராமல் தவிக்கும் நாளில் உங்களைத் தேடி வருவார். அங்கிருந்து கணக்கை மறுபடியும் தொடங்குங்கள்.